பிஜன் வேலியில் (Pigeon Valley) ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் பறவையை யாராவது பார்த்தீர்களா?

வணக்கம், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் குளிர்காலத்தில் டர்பன் பக்கம் வரும் என்பதால், மூன்று சனிக்கிழமையாகக் கிளென்வுட்டில் இருக்கும் பிஜன் வேலி இயற்கைக் காப்பகத்துக்கு அலைகிறேன்.

நேற்று பாதையோரம் சருகு புரளும் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இலையைத் தள்ளிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தது ஒன்று. அலகு ஆரஞ்சு, தொண்டையோரம் கறுப்புக் கோடு. சரிதான், குரிச்சேன் த்ரஷ்! அது எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே மேய்கிறது. நான் தேடுவதற்கு வெள்ளை வயிறெங்கும் கறுப்புப் புள்ளி, இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை.

இந்த வருடம் பார்த்தவர்கள் எந்தப் பாதை, எத்தனை மணி என்று சொல்லுங்களேன். அப்புறம், அடுத்த சனிக்கிழமை அம்மாவும் வருகிறார். ஒரு பைனாகுலர் இரவல் கிடைக்குமா? என்னுடையதை அவரிடம் கொடுத்தால் திரும்ப வராது.