புதுப்பிப்பு: ஹர்டில் ஆப்ட் இப்போது ஓடுகிறது

மண்டபம் ஊரில், கியூஎமு என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருளுக்குள் டெபியன் ஹர்டு (லினக்ஸ் கெர்னலுக்குப் பதில் ஹர்டு கொண்ட டெபியன் இயங்குதளம்) ஓட்டுகிறேன். அதில் பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால், ரிலீஸ் கோப்பு (பொதிக் களஞ்சியத்தின் கையொப்பமிட்ட அட்டவணை) காலாவதி என்று நின்றுவிடுவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது கீழக்கரைத் தம்பி சொன்ன வழிதான். பொதிகள் வரும் முகவரிகள் உள்ள சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில், அன்றாடம் மாறும் சிட் (டெபியனின் வளர்ச்சிக் கிளை) முகவரியை எடுத்துவிட்டு, இமேஜ் (ஹர்டு உள்ள வட்டுக் கோப்பு) வெளியான தேதிக்குரிய ஸ்னாப்ஷாட் (அந்தந்தத் தேதிப் பொதிகளின் காப்பகம்) முகவரியைப் போட்டு, 'டெப்' என்ற சொல்லை அடுத்து சதுர அடைப்புக்குள் 'செக்-வேலிட்-அன்டில்=நோ' சேர்க்க வேண்டும். பழைய தேதிக் கோப்பு காலாவதியாகத்தான் இருக்கும். அந்த ஒரு சோதனையை மட்டும் இது விலக்குகிறது. 'டிரஸ்டட்=யெஸ்' போடச் சொன்னவர்களும் உண்டு. அது கையொப்பச் சோதனையையே தூக்கிவிடும், எனக்கு ஒப்பவில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகள் உள்ள டெபியன்-போர்ட்ஸ் கீரிங் பொதி சரியாக இருந்தால் அதற்குத் தேவையும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: நிறுவல் பாதியில் கரண்ட் போனது. காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் இது சகஜம். ஹர்டில் கோப்பு முறைமை என்பதே இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு சர்வர். இந்த இமேஜின் எக்ஸ்ட்2 கோப்பு முறைமையில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. அதனால் திரும்ப எழுந்தபோது வட்டு 'படிக்க மட்டும்' நிலையில் வந்தது. பொதிகளை நிறுவும் டிபிகேஜியால் பூட்டுக் கோப்பைக்கூட எழுத முடியவில்லை. அதே நிலையில் வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் 'ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் -ஒய்' ஓட்டி, ரீபூட் செய்து, 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', அதன்பின் 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்' கொடுத்ததும் சரியானது.

பெரிய மேம்படுத்தலுக்கு முன் ஹர்டை முறையாக நிறுத்திவிட்டு இமேஜை நகலெடுத்து வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலையும் எஃப்எஸ்சிகே செய்ய வேண்டியிருக்கும்.