கருவிலேயே மதுவின் பாதிப்பு: 15 வயசுக்கு மேல் என்ன எதிர்பார்க்கலாம்?

தெம்பனிஸ்வாசி:
வளர்ப்புப் பிள்ளை, வயது 15, சிங்கப்பூரில் உயர்நிலை 3. பெற்ற தாய் கர்ப்பத்தில் குடித்தது பிரசவக் குறிப்பிலேயே இருக்கிறது. ஐக்யூ (அறிவுத்திறன் எண்) 86. "கொஞ்சம் சோம்பல்" என்று பள்ளியில் முடித்துவிட்டார்கள். பேச்சு சரளம், ஆனால் நேற்றுச் சொன்னது இன்று ஞாபகம் இல்லை, வாரச் செலவுக்குத் தரும் 30 வெள்ளி திங்களன்றே காலி, யார் எது கேட்டாலும் கொடுத்துவிடுகிறான். முகத்தில் அடையாளம் எதுவும் இல்லை. வளர வளரச் சரியாகுமா?

நரம்பியல்குறிப்பு:
மூளையில் ஏற்பட்ட மாற்றம் மறையாது. ஆனால் அதன்மேல் வந்து சேரும் சிக்கல்களில் நிறைய தவிர்க்கக்கூடியவை.

முகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சிறிய கண் பிளவு, தட்டையான மூக்கடிப் பள்ளம், மெல்லிய மேலுதடு எல்லாம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குத்தான் இருக்கும். அப்படி இருந்தாலும் பருவ வயதில் மங்கிவிடலாம். முகம் உருவாவது ஆரம்ப வாரங்களில், மூளை வளர்வதோ கர்ப்பகாலம் முழுக்க.

ஐக்யூவும் ஏமாற்றும். 1996இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆய்வாளர் ஆன் ஸ்ட்ரைஸ்குத் குழு இந்தப் பாதிப்புள்ள 415 பேரைப் பார்த்தது. முக அடையாளம் முழுதாக இல்லாதவர்களின் சராசரி ஐக்யூ 90, அன்றாட வாழ்க்கைத் திறன் மதிப்பெண்ணோ 67தான். 12 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் பள்ளியிலிருந்து நின்றோ நீக்கப்பட்டோ இருந்தார்கள். சட்டச் சிக்கலும் கிட்டத்தட்ட அதே அளவு. மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால் எல்லாருக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. சீக்கிரம் கண்டறியப்பட்டு, நிலையான வீட்டில் வளர்ந்தவர்கள் இவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு கூட என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது.

ஆகவே ஐக்யூவோடு நிறுத்தாமல், வைன்லண்ட் என்ற அன்றாடத் திறன் மதிப்பீடு, நினைவாற்றல், திட்டமிடல் சோதனைகளையும் கேளுங்கள். பலதுறை மருந்தகம் அல்லது பள்ளி ஆலோசகர் வழியாக மனநலக் கழகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் பரிந்துரை வாங்கலாம். போகும்போது பிரசவக் குறிப்பின் நகல் அவசியம். முக அடையாளம் இல்லாதபோது, தாய் குடித்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் மருத்துவர் 'கருவில் மதுவின் பாதிப்பு' என்றே எழுதத் தயங்குவார்.

சிராங்கூன்_ஆசிரியை:
வாரத்துக்கு 30 என்பதைப் பள்ளி நாளுக்கு 6 ஆக்குங்கள், காலையில் கையில். வேலை சொல்வதும் ஒவ்வொன்றாக: "பையை எடு". எடுத்த பிறகு அடுத்தது. "புரிஞ்சுதா?" என்றால் ஆமாம் என்றுதான் வரும், செய்து காட்டச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்துத் தரும் தண்டனை சுத்தமாகப் பயன்படாது. செய்ததற்கும் கிடைத்ததற்கும் தொடர்பு அவன் மனத்தில் விழாது. இன்று தெரிந்த பெருக்கல் நாளை மறந்தால் அது திமிர் இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை வேண்டுமானால் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் அறிக்கையோடு. தேர்வு வருடம் வரை காத்திருக்காதீர்கள்.

சட்டம்தெரிந்தவன்:
"யார் கேட்டாலும் கொடுக்கிறான்" என்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. வங்கி அட்டை, சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) கடவுச்சொல் ரெண்டையும் கேட்டு வாங்க மோசடிக் கும்பல் தேடுவது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான். இவற்றைப் பிறருக்குக் கொடுப்பதற்கு எதிரான சட்டம் 2023இல் கடுமையாக்கப்பட்ட பிறகு "நண்பன் கேட்டான்" என்பது பெரிதாகக் காப்பாற்றாது. கணக்கில் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வையுங்கள், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உங்களுக்குக் குறுஞ்செய்தி வரட்டும்.

போலீஸ் விசாரணை வந்தால், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு நடுநிலையான ஒருவர் உடன் அமரும் ஏற்பாடு இருக்கிறது. குறைபாட்டை அதிகாரிக்குச் சொன்னால்தானே அழைப்பார்? மருத்துவர் கடித நகல் பையன் பையிலேயே இருக்கட்டும். இவர்கள் கேள்வி கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள், அதான் பயம்.

தேசிய சேவைக்குப் பதியும்போதே எல்லா அறிக்கைகளையும் கொடுங்கள். 21 ஆனதும் அவன் சார்பில் நீங்கள் கையெழுத்திட முடியாது: அவனுக்கு முடிவெடுக்கும் திறன் இருந்தால் அவனே நிரந்தர அதிகாரப் பத்திரம் (பின்னால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிப்பது) எழுதலாம், இல்லையென்றால் நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதி.

தெம்பனிஸ்வாசி:
நன்றி. அவனுக்கும் குடிப்பழக்கம் வருமா?

நரம்பியல்குறிப்பு:
அந்த ஆய்வில் 12க்கு மேற்பட்டவர்களில் 35 விழுக்காட்டினருக்கு மதுவோ போதைப்பொருளோ பிரச்சினை. மரபு, சூழல் ரெண்டும் கலந்த எண் அது. 18க்கு முன்பே, பயமுறுத்தாமல், "உன் மூளைக்கு மது ஏற்கெனவே செய்த வேலை இது" என்று அவனிடமே விளக்கிச் சொல்வது நல்லது. ஒருமுறை போதாது, சில மாதத்துக்கு ஒருமுறை, அதே வார்த்தைகளில்.