லண்டனில் வாங்கியது, பெங்களூர்ச் சரக்கு! அம்ருத் கதை தெரிந்தவர் உண்டா?

சேலத்துமருமகன்:
மாமாவுக்கு லண்டனிலிருந்து ஆசையாக ஒரு அம்ருத் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) வாங்கி வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தார். "பெங்களூரு... ஏன் மாப்ளே, ஓசூரைத் தாண்டினா கிடைக்கிறதையா ஃப்ளைட்ல ஏத்திட்டு வந்தீங்க?" வீடே சிரித்தது. உண்மையிலேயே இது யாருடைய கம்பெனி?

மைசூர்ரோடு:
உங்கள் மாமாவுக்கு ஒரு செய்தி: இது விற்பனைக்கு வந்ததே முதலில் பிரிட்டனில்தான். 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வெளியிட்டார்கள். பெங்களூர்க்காரனான எனக்கு 2010-ல்தான் கண்ணில் பட்டது.

ஜக்தாளே குடும்பத்துக் கம்பெனி. 1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தாளே ஆரம்பித்தார். ரம், பிராந்தி என்று ஓடியது. 1976-க்குப் பிறகு மகன் நீலகண்ட ராவ். நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பங்கு கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம்தான். ஐரோப்பாவில் அதற்கு விஸ்கி என்று பெயர் போடவே முடியாது. அதில் கலப்பதற்காகத்தான் இவர்கள் பார்லியிலும் வடித்து வந்தார்கள். பேரன் ரக்ஷித் இங்கிலாந்தின் நியூகாசிலில் எம்.பி.ஏ. படித்தபோது, இந்த மால்ட்டைத் தனியாகப் புட்டியில் அடைத்தால் அங்குள்ள இந்திய உணவகங்களில் போகுமா என்பதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். ஸ்காட்லாந்துக்கே விஸ்கி! கொல்லன் தெருவில் ஊசி விற்கிற துணிச்சல்தான். ஆனால் விஸ்கிகளுக்கு மதிப்பெண் போடும் 'விஸ்கி பைபிள்' நூலின் 2010 பதிப்பு, இவர்களுடைய ஃப்யூஷன் என்ற மால்ட்டை உலகில் மூன்றாம் இடத்தில் வைத்தது.

சேலத்துமருமகன்:
சரி, பாட்டிலில் வயசே போடவில்லையே? மாமா அதையும் பிடித்துக்கொண்டார்.

மைசூர்ரோடு:
வயசு என்றால் பீப்பாயில் ஊறிய வருஷம். போட்டால் நாலு, ஐந்து என்றுதான் போட வேண்டும். ஸ்காட்ச் பாட்டிலில் பன்னிரண்டு பார்த்துப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். பெங்களூர்ச் சூட்டில் மரப்பீப்பாய் சீக்கிரம் வேலை செய்துவிடும். அதற்குக் கூலியும் உண்டு. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலுள்ள சரக்கில் வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். இங்கே 10-க்கும் மேல். இதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். எட்டு வருஷம் பொறுத்து 2013-ல் ஒன்று வெளியிட்டார்கள், தேறியது 144 பாட்டில். பெயர், 'பேராசைத் தேவதைகள்' என்ற பொருளில் கிரீடி ஏஞ்சல்ஸ். குறும்புதான்.

சேலத்துமருமகன்:
மாமாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அப்போ மொதல்ல அந்த மூடியை இறுக்கிப் போடுங்க மாப்ளே" என்கிறார்.