கேஎஸ்ஆர்1-ஐக் கூட்டினால் இஆர்கே சிக்னல் குறைகிறது, எங்கே தப்பு?

குளிர்_சென்ட்ரிஃபியூஜ்:
வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். ஹெக் 293 என்ற மனிதச் செல் வகையில் கேஎஸ்ஆர்1 மரபணுவை பிளாஸ்மிட் (வட்ட வடிவ டிஎன்ஏ) வழியாக ஏற்றுகிறேன். ராஸ் புரதத்திலிருந்து வரும் வளர்ச்சிச் சிக்னலை வரிசையாகக் கடத்தும் ராஃப், மெக், இஆர்கே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைக்கும் ஸ்கேஃபோல்ட் புரதம் அது. அப்படியென்றால் அது கூடக் கூட இஆர்கே பாஸ்பரேற்றமும் (பாஸ்பேட் ஒட்டி அது வேலைக்கு வருவதும்) கூட வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. கிணற்றுக்கு 2 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் போட்டு, இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்து, 10 நிமிடம் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால், வெற்று வெக்டர் (கேஎஸ்ஆர்1 இல்லாத பிளாஸ்மிட்) போட்ட செல்களைவிட வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ இஆர்கே (பாஸ்பேட் ஏறிய இஆர்கே) பட்டை மங்கலாக வருகிறது. மூன்று முறையும் அப்படித்தான். ‘கைனேஸ் சப்ரஸர் ஆஃப் ராஸ்’ என்ற பெயரிலேயே ‘சப்ரஸர்’ (அடக்குவது) என்று இருக்கிறதே, உண்மையிலேயே இது ராஸைத் தடுக்கும் புரதமா?

பட்டை_பார்ப்பவன்:
மொத்த இஆர்கே பார்த்தீர்களா? 42, 44 கிலோடால்டன் பட்டைகள் இரண்டும் எல்லா லேனிலும் சமமாக இருக்கின்றனவா? செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை நிறுத்தும் பாஸ்பட்டேஸ் தடுப்பான் போட மறந்திருந்தாலும் இப்படி வரும்.

குளிர்_சென்ட்ரிஃபியூஜ்:
மொத்த இஆர்கே சமம். தடுப்பான் போட்டேன். வெற்று வெக்டர் லேனில் பட்டை நன்றாகவே வருகிறது, அதனால் ஆன்டிபாடி மேலும் சந்தேகம் இல்லை.

மூன்றாம்_பாஸேஜ்:
முதலில் பெயர்க் குழப்பம். 1995-இல் பழ ஈயிலும் சி. எலிகன்ஸ் புழுவிலும் நடந்த மரபணுத் தேடல்களில் இது அகப்பட்டது. ராஸ் மிதமிஞ்சி வேலை செய்யும் உயிரியில் இந்த மரபணு பழுதானால் ராஸின் விளைவு அடங்கியது. அடக்கியது மரபணுவின் பழுதுதான். பழுதில்லாத கேஎஸ்ஆர் ராஸுக்குத் துணைதான் நிற்கிறது. இந்தப் பெயரால் குழம்பாதவர் குறைவு.

இப்போது உங்கள் பட்டை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். செல்லில் மெக் 100, இஆர்கே 100, ஸ்கேஃபோல்ட் 100. எல்லாம் நன்றாக ஒட்டினால் 100 முழுச் சேர்க்கை கிடைக்கும். ஸ்கேஃபோல்டை மட்டும் 1000 ஆக்குங்கள். மெக் ஏதோ 100 ஸ்கேஃபோல்டில் உட்காரும், இஆர்கே வேறு ஏதோ 100-இல் உட்காரும். இரண்டும் ஒரே ஸ்கேஃபோல்டில் சந்திப்பது சராசரியாக 10 மட்டுமே. மீதி எல்லாம் அரைகுறை. மெக் ஓர் இடத்தில் காத்திருக்க, இஆர்கே இன்னோர் இடத்தில் கிடக்கும். பட்டை மங்காமல் என்ன செய்யும்?

கேஎஸ்ஆர்1 குறைந்த அளவில் சிக்னலை ஏற்றும், அதிக அளவில் இறக்கும். தொண்ணூறுகளில் ஒரு கூட்டம் ‘தூண்டுகிறது’ என்றும் இன்னொரு கூட்டம் ‘தடுக்கிறது’ என்றும் எழுதியதற்கு இந்த அளவு வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

செய்ய வேண்டியது: 50 நானோகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். மொத்த டிஎன்ஏ மாறாமல் மீதியை வெற்று வெக்டரால் நிரப்புங்கள். அதை விட்டால் ஒப்பீடே செல்லாது.

பட்டை_பார்ப்பவன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிக பிளாஸ்மிட்டால் செல்லே நொந்துபோய் சிக்னல் இறங்கியிருக்கலாமே?

மூன்றாம்_பாஸேஜ்:
நல்ல கேள்வி. அதற்கு சி809ஒய் மாற்றம் இருக்கிறது. எலி கேஎஸ்ஆர்1-இல் 809-ஆம் இடத்து சிஸ்டீனை டைரோசினாக மாற்றினால் மெக் ஒட்டாது. அதையும் அதே 2 மைக்ரோகிராம் போடுங்கள். அதிலும் பட்டை மங்கினால் பட்டை_பார்ப்பவன் சொன்னது சரி. மங்காவிட்டால் மெக் பங்கிடப்பட்டதுதான் காரணம். இரண்டு புரதமும் ஒரே அளவில் வந்திருக்கின்றனவா என்று டேக் (புரதத்தோடு சேர்த்த அடையாளத் துண்டு) ஆன்டிபாடியால் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பட்டையைத் தெளிவாக்க இஆர்கேயையும் சேர்த்து ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். இந்தச் சோதனையில் வேண்டாம், நீங்கள் அளக்க வந்த விகிதமே மாறிப்போகும்.

குளிர்_சென்ட்ரிஃபியூஜ்:
பத்து நாள் கழித்து வருகிறேன். 100 நானோகிராமில் பட்டை வெற்று வெக்டரைவிடத் தெளிவாகக் கூடியது. 500-இல் வெற்று வெக்டர் அளவுக்கே இறங்கியது, 2 மைக்ரோகிராமில் அதற்கும் கீழே. சி809ஒய் 2 மைக்ரோகிராமிலும் இறக்கவில்லை. டேக் பட்டை இரண்டுக்கும் சமம். இருவருக்கும் நன்றி.

ஒரு சின்ன உறுத்தல்: 50-க்கும் 100-க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாம்_பாஸேஜ்:
ஒரே கிணற்றில் ஒரு செல் நிறைய பிளாஸ்மிட் வாங்கியிருக்கும், பக்கத்துச் செல் ஒன்றுமே வாங்கியிருக்காது. வெஸ்டர்ன் பிளாட் எல்லாவற்றையும் கலக்கி சராசரி காட்டும். டேக்கையும் பாஸ்போ இஆர்கேயையும் சேர்த்துச் சாயமேற்றி ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல் செல்லாகப் பாருங்கள், ஏறி இறங்கும் வளைவு ஒரே கிணற்றிலேயே தெரியும்.