ஒன்டோயூஎம்எல் கருவிகள்: சோதனையில் தேறிய மாதிரி எங்கே உதைக்கிறது?

கோடுகாரன்:
விஷுவல் பாரடைம் என்ற வரைபட மென்பொருளில் ஒன்டோயூஎம்எல் (ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் வரையும் மாதிரி மொழி) பிளகின் போட்டு வரைபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை: 'வாடிக்கையாளர்' என்ற ரோலுக்கு (ஏற்கவும் விடவும் கூடிய பங்கு) கீழே 'நபர்', 'நிறுவனம்' என இரண்டு கைண்ட் (அடையாளம் தரும் மாறாத வகை). சரிபார்ப்பில் இது தேறாது. கணக்கை முடித்துக்கொண்டவர் வாடிக்கையாளர் இல்லை, ஆனால் நபராகவே இருக்கிறார். மாறாத வகையை மாறும் வகைக்குக் கீழே வைக்கக்கூடாது. அம்பைத் திருப்பி, ரோலை இரண்டு கைண்டுக்கும் கீழே போட்டாலும் தப்பிக்க முடியாது. ஒரே ரோல் இரண்டு கைண்டிடமிருந்து அடையாளம் பெற முடியாது. வாடிக்கையாளரை ரோல்மிக்ஸின் (பல கைண்டுகளின் ரோல்களுக்குப் பொதுவான வகை) ஆக்குங்கள். 'தனிநபர் வாடிக்கையாளர்' என்ற ரோலை நபருக்கும் ரோல்மிக்ஸினுக்கும் கீழே வையுங்கள். நிறுவனத்துக்கும் அப்படியே ஒரு ரோல்.

மீதி_எங்கே:
வரைபடத்தில் இல்லாத கிளாஸுக்குப் பிழை வருகிறதா? படத்திலிருந்து மட்டும் நீக்கியிருப்பீர்கள். மாதிரியின் எல்லா உறுப்புகளையும் பட்டியலிடும் மாடல் எக்ஸ்ப்ளோரரில் தேடி அங்கேயும் அழியுங்கள்.

தருக்கப்புலி:
சரிபார்ப்பு இலக்கணத்தைத்தான் பார்க்கும். 'தணிக்கை' ஒரு ரிலேட்டர் (பலரை இணைக்கும் உறவையே ஒரு பொருளாகக் காட்டும் வகை); மீடியேஷன் என்ற இணைப்புக் கோடு வழியாக 'தணிக்கையாளர்', 'தணிக்கைக்கு உள்ளாகுபவர்' என்ற இரண்டு ரோல்களோடு இணைகிறது. இரண்டும் நபருக்குக் கீழே. ஒரு பிழையும் வராது. ஆனால் ஒருவர் தன்னையே தணிக்கை செய்துகொள்ள இந்த மாதிரி இடம் கொடுக்கிறது!

பழைய மென்தார் எடிட்டர் என்ற ஒன்டோயூஎம்எல் கருவியில் அல்லாய் (மாதிரிக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டுகளைத் தேடித் தரும் மொழியும் கருவியும்) மூலம் மாதிரியை ஓட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. அது இல்லாவிட்டால் சந்தேகமான பகுதியை மட்டும் அல்லாயில் கையால் எழுதலாம், இருபது வரிகூட ஆகாது. ரோல்களை 'எக்ஸ்டெண்ட்ஸ்' போட்டு எழுதாதீர்கள். அது அவற்றை வெட்டாத கணங்களாக்கிவிடும், தேடும் ஓட்டையே மறைந்துபோகும். 'இன்' போடுங்கள். அளவு எதுவும் சொல்லாவிட்டால் மேல்நிலை சிக் (அல்லாயில் உருப்படிகளின் கணம்) ஒவ்வொன்றுக்கும் 3 உருப்படி வரை அல்லாய் தேடும். இந்த ஓட்டைக்கு அதுவே தாராளம்.

திருத்தும்போது இரண்டு ரோல்களையும் டிஸ்ஜாயிண்ட் (ஒருவரே இரண்டிலும் இருக்க முடியாதபடி) ஆக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது அதிகப்படி: ஒரு தணிக்கையில் தணிக்கையாளராக இருப்பவர் வேறொன்றில் தணிக்கைக்கு உள்ளாகலாம். 'ஒரே தணிக்கையின் இரு முனையிலும் ஒரே ஆள் கூடாது' என்று மாதிரிக்குக் கட்டுப்பாடு எழுதும் ஓசிஎல் மொழியில் விதி எழுதினால் போதும்.

முக்கோணம்:
ஒன்டோயூஎம்எல் மாதிரியை ஜியூஎஃப்ஓ (ஒன்டோயூஎம்எல்லின் அடிப்படை வகைகளை ஆவுலில் தரும் தொகுப்பு) வழியாக ஆவுல் என்ற வலை அறிவு மொழிக்கு மாற்றுபவர்களுக்கு ஒன்று: 'குறைந்தது 1' என்று போட்டுவிட்டு, தணிக்கையாளர் இல்லாத தணிக்கையை ரீசனர் (ஆவுல் விதிகளிலிருந்து முடிவு காணும் நிரல்) பிடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். சொல்லப்படாதது இல்லை என்று ஆகாது என்ற திறந்த உலகக் கொள்கைப்படி, எங்கோ ஒருவர் இருக்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும். விடுபட்ட தரவைப் பிடிக்க ஷாக்கல் (தரவைச் சரிபார்க்கும் மொழி) விதிகளைத் தனியாக எழுதியாக வேண்டும்.