கலைச்சொல் தேவை: கணுக்காலில் கட்டும் துப்பாக்கியுறை (நாளை மாலைக்குள்)

அனைவருக்கும் வணக்கம்.

சிறிய சுழல்துப்பாக்கிக்கு உறை தேர்ந்தெடுப்பது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை அனுப்பியாக வேண்டும். இடுப்புறை, தோளுறை இரண்டும் தொல்லையின்றி வந்துவிட்டன. கணுக்காலில் கட்டுவதற்குக் 'கணுக்காலுறை' என்று எழுதிவிட்டு மேலே போனேன். சில பக்கங்கள் தள்ளி, 'வியர்த்தால் கணுக்காலுறையைக் கழற்றி உலர்த்துங்கள்' என்று ஒரு வரி. படித்துப் பார்த்த என் மகள், "காலுறையை உலர்த்தவும் கையேடு வேண்டுமா?" என்று கேட்டாள். உதவுங்கள்.

— — —

தம்பி,

'காலுறை' சாக்ஸுக்குப் போனபோதே இந்தச் சிக்கல் பிறந்துவிட்டது. என் பரிந்துரை, கழலுறை. வீரன் காலில் கட்டியது கழல். இடமும் அதுவே, போர்த்தொடர்பும் உண்டு. சுழலுக்குக் கழலுறை என்று எதுகையும் அமைகிறது. கூடவே 'துப்பாக்கி'யையும் தூக்கிவிடுங்கள். அது துருக்கியிலிருந்து வந்தது. சுடுகலன் என்று எழுதினால் கை தேய்ந்துவிடாது.

— — —

> துருக்கியிலிருந்து வந்தது

மன்னிக்க வேண்டும் ஐயா. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று வள்ளுவரே 12ஆம் குறளில் வைத்திருக்கிறாரே? துப்பு என்றால் வலிமை. வலிமை ஆக்குவது துப்பாக்கி. இதைவிடத் தூய தமிழ் வேறென்ன வேண்டும்?

— — —

அந்தக் குறள் மழையைப் பற்றியது. அங்கே துப்பு என்பது உணவு. மழை சுடுவதில்லை.

கழலுறைக்கு வருகிறேன். எதுகை அழகுதான் ஐயா, ஆனால் கழல்தல் என்றாலே நெகிழ்ந்து விழுதல். ஓடும்போது கழன்று விழக்கூடாது என்பதற்காகக் கெண்டைக்காலில் இன்னொரு பட்டை போட்டுக் கட்டும் பொருளுக்கு இந்தப் பெயரா?

— — —

இலக்கணம் எனக்கு எட்டாது. பணிக்காலத்தில் இதைக் கட்டி நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வலக்கைக்காரர் இடக்காலின் உட்புறத்தில், பிடி பின்னோக்கி இருக்கும்படி கட்டுவார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஐந்து தோட்டாச் சிறுதுப்பாக்கிகளில் இலேசான உலோகக்கலவையில் செய்தது ஏறக்குறைய 400 கிராம், எஃகில் செய்தது 550 கிராம் அளவுக்கு வரும். மேசைமேல் இந்த வேறுபாடு ஒன்றுமில்லை. ஒற்றைக் காலில் தொங்கும்போது மாலைக்குள் தெரிந்துவிடும். முதல் சில நாள் நடையே கோணும். தோட்டா உருளை பரட்டெலும்பின் (கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பின்) மேல் உட்கார்ந்தால் தொலைந்தது. அதற்குச் சற்று மேலே கட்ட வேண்டும். இறுக்கினால் பாதம் மரத்துப்போகும், தளர்த்தினால் ஒவ்வோர் அடிக்கும் ஆடித் தோலைத் தேய்க்கும். உட்புறம் ஆட்டுரோமம் வைத்தது உறுத்தாது, ஆனால் வெயிலில் புழுங்கும். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர்ப் பட்டை நன்றாகப் பிடிக்கும், வியர்வையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சுட விரலால் இழுக்கும் விசையை உறை முழுதாக மூடாவிட்டால், எவ்வளவு சொகுசாக இருந்தாலும் வாங்காதீர்கள். தரையை ஒட்டியே இருப்பதால் தூசியும் நூல்பிசிறும் சேரும். அடிக்கடி துடைக்க வேண்டும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் சில நாள் கட்டி நடந்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எடுப்பது எளிது. நிற்கும்போது மண்டியிட்டுக் கால்சட்டையைத் தூக்க வேண்டும்.

இன்னொன்று. உயரமான காலுறை போட்டு, அதன்மேல்தான் இதைக் கட்டுவோம்.

நாங்கள் வாயால் சொன்ன பெயர் 'கால் ஹோல்ஸ்டர்'.

— — —

> உயரமான காலுறை போட்டு, அதன்மேல்தான்

இந்த வரிக்கு நன்றி ஐயா. 'காலுறையின் மேல் கணுக்காலுறை' என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் செத்தது.

கையேட்டில் இன்னோர் இடர்: 'சுத்தி வெளியே தெரியாத துப்பாக்கி கால்சட்டை மடிப்பில் மாட்டாது.' தோட்டா வெடிக்க அடிக்கும் 'ஹாமர்' என்ற உறுப்புக்குச் சுத்தி சரிதானா?

— — —

சுத்தி தச்சரிடம் இருக்கட்டும். துப்பாக்கிக்குக் குதிரை என்று பழைய அகராதிகளிலேயே இருக்கிறது.

உறைக்குக் 'கணுவுறை' போதும். கணு என்பதில் உகரம் தனிக்குறிலை அடுத்து வருவதால் முற்றியலுகரம், ஆகவே வகர உடம்படுமெய். 'முற்றுமற் றொரோவழி' (முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடும்) என்று நன்னூல் விட்ட இடுக்கில் நுழைந்து 'கணுறை' என்றும் சுருக்கலாம். ஆனால் அது ஏதோ நோயின் பெயர்போல ஒலிக்கிறது.

— — —

கணுவுறை என்றால் எனக்குக் கரும்புதான் தோன்றுகிறது. தவிர, உறை என்ற சொல்லைத் தலையணைக்கும் போடுகிறோம், கடிதத்துக்கும் போடுகிறோம். படைக்கலம் வைப்பதற்கு நம்மிடம் தூணி இருக்கிறது. கணுத்தூணி! கேட்டாலே கை இடையைத் தேடவில்லையா?

— — —

> கை இடையைத் தேடவில்லையா?

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கை காலைத் தேட வேண்டும். மேலும், தூணி அம்புகளுக்கு உரியது. பல அம்புகள், ஒரு தூணி. இங்கே ஒரே துப்பாக்கி.

— — —

கழலுறையை வலியுறுத்தவில்லை. கழலும் என்று ஒருவருக்குத் தோன்றினால் பலருக்கும் தோன்றும். ஆனால் 'கால் ஹோல்ஸ்டர்' அச்சில் வந்தால் இந்தக் குழுவிலிருந்து விலகிக்கொள்வேன்.

— — —

ஐயா விலக வேண்டாம். அது படத்தின் கீழ்க்கூட வராது.

கணக்குப் பார்த்தேன். கணுவுறைக்கு நான்கு பேர், அவர்களில் இருவர் 'வேறு வழியில்லை' என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். முதல் இடத்தில் 'கணுக்கால் துப்பாக்கியுறை' என்று முழுதாக எழுதி, பிறகு 'கணுவுறை' என்று சுருக்கி அனுப்பிவிட்டேன். சுத்தி இருந்த இடத்தில் குதிரை வந்துவிட்டது. சற்றுமுன் பதிப்பாசிரியரிடமிருந்து குறிப்பு வந்தது: '14ஆம் பக்கத்தில் கால்சட்டைக்குள் குதிரை எப்படி வந்தது?'

— — —

கணுவுறைக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். தூணியை விடுவதாக இல்லை. குதிரையைப் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே வாருங்கள்.