பாலிமர் க்ளே கம்மல் ஓவன்ல வச்சும் பட்டுனு உடையுது, ஏன்?

மல்லிமொட்டு:
வணக்கம் மக்களே. பாலிமர் க்ளேல பூ டிசைன் கம்மல் பண்றேன். வீட்டு ஓடிஜில (சின்ன கரண்ட் ஓவன்) பாக்கெட்ல போட்டிருக்கற மாதிரியே 130 டிகிரி, அரை மணி நேரம் வச்சுதான் எடுக்கறேன், பாக்க நல்லாதான் இருக்கு ஆனா இதழ் ஓரத்த லேசா வளைச்சாலே பட்டுனு உடைஞ்சுடுது. இதுல வெள்ளை கலர் மட்டும் பழுப்படிக்குது வேற. வேகலன்னா ஏன் பழுக்கணும், வெந்துடுச்சுன்னா ஏன் உடையணும்? அப்புறம் ஷைனிங்குக்கு நெயில் பாலிஷ் அடிக்கலாம்னு ஒருத்தங்க சொன்னாங்க, சரியா? அதே ஓடிஜிலதான் கேக்கும் போடுறோம், அம்மா திட்டிட்டே இருக்காங்க.

ஜிமிக்கி_அக்கா:
ரெண்டுமே ஒரே காரணம்தான்மா, உன் ஓடிஜி டயல் பொய் சொல்லுது. சின்ன ஓவன்ல ராடு சிவந்து சிவந்து அணையும், அந்த நேரடி அனல் வெள்ளைய மேலாப்ல பழுக்க வச்சுடும், ஆனா உள்ள இருக்கற சராசரி சூடு 130 தொடவே தொடாம கூட இருக்கலாம். க்ளேனு பேர்தான், அதுல மண்ணே கிடையாது, பிவிசி பொடியும் அத இளக்கமா வச்சிருக்கற ப்ளாஸ்டிசைசரும்தான். சூட்டுல அந்த துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரே பிளாஸ்டிக்கா ஆகணும், அது பத்தலன்னா தொட்டா கெட்டியா இருக்கும், வளைச்சா பொலபொலனு போயிடும். நல்லா வெந்த மெல்லிசு இதழ் வளையும், உடையாது.

முதல்ல ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள வை. அதுல சூடு ஏறி நிலையா நின்னப்புறம் பீஸ வை. அடியில ஒரு டைல்ஸ் துண்டு, மேல ஃபாயில கூடாரம் மாதிரி மூடிடு, ராடு அனல் நேரா படாது. வெள்ளை வெள்ளையாவே இருக்கும்.

பட்டறைவாசி:
அக்கா சொன்னதோட ஒண்ணு. எந்த பிராண்டு? ஃபிமோனா 110 டிகிரி அரை மணி நேரம், ஸ்கல்பி பிரீமோனா 130-135. நேரம் தடிமன வச்சுதான், ஆறு மில்லிமீட்டருக்கு அரை மணின்னு வச்சுக்கோங்க, கூட கொஞ்ச நேரம் இருந்தா ஒண்ணும் ஆகாது, சூடு கூடினாதான் வம்பு. கருகினா ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணு மூக்கெல்லாம் எரியும், உடனே ஆஃப் பண்ணிட்டு ஜன்னல திறந்துடுங்க. மலிவான பேசிக் க்ளே சிலது எவ்வளவு வேக வச்சாலும் மெல்லிசுல உடையத்தான் செய்யும், இதழுக்கெல்லாம் ஸ்கல்பில பிரீமோ, சூஃப்லே மாதிரி வாங்குங்க.

நெயில் பாலிஷ் வேணவே வேணாம். அதுல இருக்கற சால்வென்ட் ப்ளாஸ்டிசைசரோட சேந்து நாளாக நாளாக பிசுபிசுனு ஆயிடும். தண்ணி பேஸ் வார்னிஷ் இல்லன்னா யுவி லைட்ல காட்டினா இறுகுற யுவி ரெசின் அடிங்க. உண்மைய சொன்னா நல்லா உப்புத்தாள் போட்டு ஜீன்ஸ் துணில தேச்சாலே வர்ற பளபளப்பு தனி அழகு, ஆனா யாருக்கு பொறுமை இருக்கு.

ஜிமிக்கி_அக்கா:
கேக் விஷயத்துல நான் உங்க அம்மா கட்சி. பழைய ஓடிஜி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிக்கோ.

பட்டறைவாசி:
மூடி போட்ட ஃபாயில் ட்ரேல வச்சு வேக வச்சு, அப்புறம் ஓவன நல்லா துடைச்சா போதும்னுதான் நிறைய பேர் பண்றாங்க. நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். ஆனா க்ளேக்கு எடுத்த கத்தி, குழவி, ட்ரே எதுவும் திரும்ப சமையலுக்கு போகக்கூடாது, அதுல பேச்சே இல்ல.

மல்லிமொட்டு:
ரெண்டு பேருக்கும் நன்றி!! ஏற்கனவே வேக வச்சு உடையாம மிச்சம் இருக்கறத திரும்ப வேக வைக்கலாமா? கம்மல் தண்டு எப்ப ஒட்டணும்? இந்த வெயில்ல க்ளே கைல எடுத்தாலே குழையுது.

ஜிமிக்கி_அக்கா:
தாராளமா திரும்ப வை, எத்தன தடவ வேணாலும் வைக்கலாம். தண்ட வெந்து ஆறினப்புறம் பின்னாடி லேசா சுரண்டிட்டு ரெண்டு ட்யூப் கலக்கற எபாக்ஸில ஒட்டு, வெறும் பசைல ஒட்டினா கழண்டு வந்துடும். இன்னும் கெட்டியா வேணும்னா தண்டு அடி மேல லிக்விட் க்ளே (கூழ் மாதிரி இருக்கற பாலிமர் க்ளே) தடவி, மெல்லிசா ஒரு வட்ட க்ளே வச்சு மூடி மறுபடி வேக வை. குழையுற க்ளேய பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வை, டப்பால போட்டு, அம்மா கண்ணுல படாம.